பாலைவனத்தில் பனிமூட்டம்

குமரகுரு சாரின் விமர்சனத்தில் மூன்றாவது பத்திதான் உச்சம். ‘காப்பர்டவுன்’ என்ற கௌபாய் வீடியோ கேமில் குதிரைக்காரன் பாலைவனத்தைக் கடக்கும்போது, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாமே பனிமூட்டமாகக் கரைந்துவிடுகிறது. இது அமெரிக்க ஆன்மாவின் வெறுமை என்று எழுதியிருந்தார். கொடைக்கானல் செண்பகனூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆன்மாவை அளப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அவர் விளையாடியது இரண்டு சாயங்காலம். மிச்சத்தை வெளிநாட்டு இணையதளங்கள் பார்த்துக்கொண்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தார்கள். இவரும் ஒன்பது போட்டார்.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் மாத இதழின் ஆசிரியை இந்து மதியம் போன் செய்தாள்.

“சார், எல்லாரும் வெயில், புழுதின்னு எழுதுறாங்க. பனி உங்க கண்ணுக்கு மட்டும்தான் பட்டிருக்கு. அதையே தலைப்பா வைக்கிறேன். டிவியில பனி தெரியிற மாதிரி ஒரு போட்டோ மெயில் பண்ணுங்க. மூணு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது. இந்தப் பக்கத்தை இங்க யோகேஷ்னு ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம்னு ஓனர் நச்சரிக்கிறாரு. இதைப் பார்த்தா அடங்கிடுவாரு.”

சார் கேமராவோடு டிவி முன் உட்கார்ந்தார். குதிரைக்காரன் மேட்டில் ஏறினான். அடிவானம் வரை பளீரென்று வெயில். எங்கோ ஒரு பாறையில் உட்கார்ந்திருந்த கழுகு வரைக்கும் தெரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கழுகு அங்கேயே இருந்தது.

“விசாலாட்சி, இந்த கேம் பெட்டியை யாரு தொட்டது?” என்று மனைவியைக் கேட்டார்.

“நான்தாங்க. ஒரே பூசண வாடை. துணி பீரோவுல பல்பு எரியுதுல்ல, அதுக்குள்ள வச்சு எடுத்தேன். வேலை செய்யலையா?”

“நல்லா வேலை செய்யுது. அதான் சிக்கல்.”

துணியில் பூசணம் ஏறாமலிருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடாத வீடு கொடைக்கானலில் குறைவு. அந்தச் சூட்டில், பெட்டிக்குள் டிஸ்க்கைப் படிக்கும் சின்னக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் காய்ந்துவிட்டது. அதுவரை தூரத்துக் காட்சிகளைப் படிக்க முடியாமல் இயந்திரம் வெள்ளையாக விட்டிருந்தது. சாருக்கு இது உறைத்தபோது அமெரிக்க ஆன்மா ஆவியாகிப் போயிருந்தது.

மணி இரண்டு. ஜன்னலைத் திறந்து, பெட்டியைத் தூக்கி விளிம்பில் வைத்தார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது.

“அதுக்கு என்னத்தைக் காட்டுறீங்க?”

“பனி.”

“பச்சப் புள்ளையா அது? காயப்போட்ட துணியெல்லாம் நமத்துப் போகும். வெரசா சாத்துங்க.”

மேகம் உள்ளே வந்து, சாரையும் நனைத்துவிட்டுப் போனது. பெட்டியைத் துடைத்து மாட்டினார். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. தட்டினார். குலுக்கினார். அதே எழுத்து.

போன் அடித்தது.

“சார், போட்டோ இன்னும் வரலை.”

கரண்ட் இல்லை என்று சொல்லிவிடலாம். தலைப்பு வந்துவிடும். அப்புறம் மதுரையில் அந்த கேமை வைத்திருக்கும் ஒருத்தன் போதும், வாசகர் கடிதத்தில் தோலை உரிக்க. சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தும்மா, அந்தப் பனி கேம்ல இல்லை. எங்க வீட்டுல.”

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது.

“அப்ப மூணாவது பத்தி?”

“எடுத்துடுங்க.”

“அதை எடுத்துட்டா மிச்சமெல்லாம் நான் ஏற்கெனவே வெப்சைட்ல படிச்சதுதான் சார். ஒம்பது மார்க்காவது நிக்குமா?”

“பெட்டி காயட்டும். முழுசா விளையாடிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“முதல் தடவையா சார்?”

“ஆமா.”

இந்துவின் கீபோர்டு மறுபடி தட்டத் தொடங்கியது.

“யோகேஷ் கேமை முடிச்சுட்டாராம் சார்,” என்றாள்.