ஆயுத பூஜையில் வைத்த ஆட்டம்

என் ஓரகத்தி உமாதேவிக்கு அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கேம்பாய் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடவில்லை. எல்லார் கண்ணும் அவள் மடியில்தான் இருந்தது. மடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் திரை, அதில் மேலேயிருந்து விதவிதமான கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துபோகும், எண் ஏறும். கட்டைகள் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். இதற்குத்தான் இந்த அமர்க்களம்.

நான் இந்த வீட்டின் மூத்த மருமகள் செண்பகவல்லி. நான் வந்தபோது என் பிறந்த வீட்டிலிருந்து பித்தளைப் பானைகளும் தேக்கு பீரோவும் வந்தன. அவற்றைச் சுற்றி உட்கார்ந்து யாரும் வாயைப் பிளக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆறுமுகசாமி, பின்கட்டில் மெஷின் ஓடுகிற எங்கள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிறவர். நான் புதுச்சேலை கட்டினால் அது அவர் கண்ணில் பட அடுத்த தீபாவளி வர வேண்டும். அந்த மனுஷன் உமாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, "அந்தக் கட்டய திருப்பு தாயி, அப்படித்தான், திருப்பு" என்று கத்துகிறார். எனக்கு வயிறு எரியாமல் குளிருமா?

ஆடுவதோடு விட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு ஓயாத கேள்வி. பேட்டரி வாங்கப் போனால் மைதீன் பாய் கடையில் நின்று, "ஏன் பாய், இந்த ஆட்டத்துக்கு முடிவுன்னு ஒண்ணு உண்டா, இல்ல ஆடிக்கிட்டே இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்டாளாம். பாவம், அவர் பல்பும் வயரும் விற்கிறவர். "தாயி, எங்கிட்ட பேட்டரி மட்டும்தான் இருக்கு" என்றாராம். பால்காரரிடமும் கேள்வி. அத்தையிடமும் கேள்வி. கேள்வி இல்லாத நேரத்தில் அபிப்பிராயம்.

"இன்னொரு கேம் இருக்குல்லா அத்தே, குழியத் தாண்டித் தாண்டி ஓடுறது, அது சுத்த மோசம். சாகுறதுக்கு மூணு உயிரு குடுக்கான், ஜெயிக்கிறதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டேங்கான்."

"இந்தக் கட்ட கேமும் ஏமாத்துதான். நமக்கு நீளக் கட்ட வேணும்னா மட்டும் வராது பாத்துக்கோங்க."

அத்தை இதையெல்லாம் வேதவாக்காகக் கேட்டுத் தலையாட்டுவாள். நான் கல்யாணமான புதிதில் தையல் கிளாஸுக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, "வீட்டுல தைக்க என்ன கிழிஞ்சு கிடக்கு?" என்றவள் அவள். உமாவுக்கு இப்போது தினமும் மத்தியானம் கம்ப்யூட்டர் கிளாஸ். போகும்போது குடை எடுத்துக் கொடுப்பதும் அத்தைதான்.

உமா எடுத்த அதிகபட்ச எண் ஐம்பதாயிரத்துச் சொச்சம். பெட்டியை அணைத்தால் அதற்குள் இருக்கிற எண்ணெல்லாம் அழிந்துவிடும். அதனால் என்ன? அவள் வாய் அணையவில்லையே. மெயின் ரோடு வரைக்கும் அந்த ஐம்பதாயிரம் தெரிந்திருந்தது.

நான் ஒருநாள் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "இது வீட்டுக்குப் பீடை. வேலை வெட்டி இல்லாதவுக ஆடுற ஆட்டம். நான் விரலாலகூட தொட மாட்டேன்." சொன்னது எனக்கே வினையாகப் போயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏனென்றால் எனக்கு ஆடத் தெரிந்திருந்தது. தொடாமலே தெரிந்திருந்தது. உமா ஆடும்போது பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் தப்பு செய்வதற்காகக் காத்திருப்பேன். எந்தக் கட்டையை எங்கே போட்டுக் கெடுக்கிறாள் என்று பார்ப்பதில் ஒரு சுகம். அவளுக்குப் பொறுமை கிடையாது. ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு நீளக் கட்டைக்குக் காத்திருக்க மாட்டாள். கைக்கு வந்ததைப் போட்டு அடைத்துவிட்டு, ஏமாற்று என்பாள். பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. அவள் செய்த ஒவ்வொரு தப்பும் எனக்குப் பாடம்.

ஒரு மத்தியானம் அவள் கிளாஸுக்குப் போனாள், அத்தை தூங்கினாள், பெட்டி டிவி மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். அப்புறம் தினமும் அதுதான். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஆடுவேன். அவள் வரும் நேரத்துக்குப் பெட்டி டிவி மேல் இருக்கும், நான் அடுப்படியில் இருப்பேன்.

"யக்கா, இந்த ஊரு வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் தீருமோ?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

"கோவில்பட்டி வெயிலுக்கு மனுசனே தீந்து போறான், பேட்டரி என்ன பேட்டரி" என்றேன். அதையும் மைதீன் பாயிடம் போய்ச் சொன்னாளாம்.

ஆயுத பூஜை வந்தது. எங்களைப் போலத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய நாள். பின்கட்டில் மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். உமாவும் என் கொழுந்தன் ஹரிஹரசுதனும் பொரி கடலை வாங்கப் போனார்கள். அத்தை சாமி விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று ஸ்டோர் ரூமுக்குள் போனேன்.

அன்றைக்குக் கை அப்படி வந்தது. கட்டைகள் விழுகிற வேகத்தில் உமாவாக இருந்தால் அலறியிருப்பாள். எனக்கு எல்லாம் மெதுவாக விழுகிற மாதிரி இருந்தது. ஐம்பதாயிரம் தாண்டியது. அவளுடைய ஐம்பதாயிரம்! அப்புறம் லட்சமும் தாண்டியது. என்னை அறியாமல் சிரித்திருப்பேன் போல.

"ஏட்டி செண்பகம், அங்கன என்னட்டி சிரிப்பு?"

அத்தை கதவருகே வந்துவிட்டாள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பொத்தானை அமுக்கிப் பெட்டியை முந்தானைக்கு அடியில் தள்ளினேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு, அதத்தான் தேடுதேன். குடு இங்க. சாமிகிட்ட வைக்கணும்லா."

"இதையுமா அத்தே?"

"கையில புழங்குறதெல்லாம் ஆயுதந்தான். அவ இதத்தான பொழுதன்னைக்கும் புழங்குதா."

நான் ஆடினேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தூசி துடைக்கிறவள் டிவி மேல் இருந்ததை எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பெட்டியின் தலையில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு துணுக்கு மல்லிகையும் சுற்றி, கொண்டுபோய் சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால் வைத்தாள். நான் வருஷம் முழுக்கப் புழங்குகிற அரிவாள்மனை ஒரு ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

சாமியிடம் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு மேல் சட்டம் இல்லை. அரிவாள்மனையை வைத்த பிறகு கத்திரிக்காயைக் கையால் பிய்த்துப் போட்டுக் குழம்பு வைக்கிற வீடு இது.

பெட்டி அணையவில்லை. ஆட்டம் பாதியில் நிற்கிறது. சந்தனத்துக்கு அடியிலிருந்து அதன் சின்னச் சிவப்பு விளக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேட்டரி தாங்கினால் என் லட்சம் நாளைக் காலையில் உயிரோடு இருக்கும். தாங்காவிட்டால் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அப்போதுதான் என் மனசு எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து ஆடியது ஒளிப்பதற்கு இல்லை. அந்த எண்ணை இந்த வீடு பார்க்க வேண்டும். முக்கியமாக, பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். நான் ஆடினேன் என்று தெரிய வேண்டும்.

சாயங்காலம் பூஜையில் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். உமா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் கும்பிட்டது சரஸ்வதியை இல்லை, சந்தனத்துக்கு அடியில் எரிந்த அந்தச் சிவப்புப் பொட்டை.

காலையில் மறுபூஜை முடிந்து, கற்பூரம் ஒற்றிக்கொண்டதும் உமாதான் முதலில் பெட்டியை எடுத்தாள். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தே, இது ஆன்ல இருக்கு. ஐயோ, லட்சத்துக்கு மேல இருக்கு அத்தே! யாரு ஆடுனா? நான் இல்ல, இவுகளும் இல்ல."

நிறுத்தி வைத்தால் கட்டைகள் மறைந்து, ஓரத்தில் எண் மட்டும் தெரியும். அத்தை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எண் தெரியாது, ஆனால் சிவப்பு விளக்கு தெரிந்தது. படாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, சரஸ்வதி! வந்து ஆடிட்டுப் போயிருக்கியே!"

அவ்வளவுதான். பின்கட்டுக்குப் போக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிப்போட்டு ஓடிவந்து கும்பிட்டார். கொழுந்தன் ஒரு படி மேலே போனான்.

"அண்ணே, இந்த வருசம் நம்ம தீப்பெட்டி லேபிள்ல சரஸ்வதி படத்தப் போட்ருவோம்."

"போட்ருவோம்லே" என்றார் என் வீட்டுக்காரர்.

உமாவிடம் தோற்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வீணையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள் என் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போகிறாளே!

"அவளுக்கு எதுக்கு இந்த வேல? ஆடுனது நான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏட்டி, சும்மா கிட. ஒனக்கு அத எப்படிப் பிடிக்கணும்னாவது தெரியுமா?"

அத்தை சிரிக்கவில்லை. "செண்பகம், பொறாமைக்கும் ஒரு அளவு உண்டும்டி. உமா மேல பட்ட, சரின்னு விட்டேன். சாமி மேலயுமா படுவ?"

"அப்ப குடுங்க, காட்டுதேன்."

உமாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினேன். பொத்தான்களில் சந்தனம் பிசுபிசுத்தது. அமுக்கினேன். என் கட்டைகள் நான் விட்ட இடத்திலேயே இருந்தன, ஓரத்துப் பத்தி காலியாக. ஒன்றைத் திருப்பி வைத்தேன். இன்னொன்றை நகர்த்தி வைத்தேன். உமா என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நீளக் கட்டை வந்தது. நிமிர்த்தி, ஓரமாகத் தள்ளி, இறக்கினேன். நான்கு வரிசையும் மின்னி மறைந்தன.

"பாருங்க" என்று பெட்டியை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பினேன். திருப்புவதற்குள் சிவப்பு விளக்கு மங்கியது. கட்டைகள் வெளுத்தன. எண் வெளுத்தது. வெறும் கண்ணாடியில் அவர் மூஞ்சிதான் தெரிந்தது.

"பாத்தியா, இவ தொட்டா, அவ போயிட்டா" என்றாள் அத்தை. இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். ஆண்கள் இருவரும் லேபிளுக்கு எந்த நிறம் என்று பேசிக்கொண்டே பின்கட்டுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உமா மட்டும் நகரவில்லை. அவளைப் பார்த்தேன். அந்த மூஞ்சி எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாகத் தலை சீவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சி. என் விரல்களைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யக்கா" என்றாள், ரொம்ப மெதுவாக. "அந்த நீளக் கட்ட வரும்னு எப்படிக்கா தெரியும்?"

ஊரெல்லாம் கேள்வி கேட்டவள், கேட்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டாள். கிண்ணத்திலிருந்து ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"எந்தக் கட்ட?" என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. இத்தனை நாள் எரிந்த வயிற்றில் மோரை ஊற்றினாற்போல் இருந்தது.

அன்று மத்தியானம் அவள் கம்ப்யூட்டர் கிளாஸுக்குக் கிளம்பினாள். அத்தை குடையை நீட்டினாள். டிவி பக்கம் போன உமா, பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல் இறங்கினாள்.

அத்தை தூங்கப் போனாள். பழக்கத்தில் நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். கட்டைவிரல் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.