வாசலில் தொங்கிய சிவப்பு

தென்காசி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பால்வண்ணநாதன் ஆளின் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்தவரல்ல. உடுப்பைப் பார்த்துச் செய்தவர். சரிகைக்கரை வேட்டி வந்தால் பாய் விரியும்; காடாத்துணி வந்தால் "என்ன வேணும்?" என்ற கேள்வி மட்டும் வாசல்வரை வரும். குற்றாலத்துச் சீசனில்தான் அவர் பாடு திண்டாட்டம். ஈரத்துண்டில் ஜமீன்தார் யார், சமையற்காரன் யார்?

அப்படி ஒரு சாரல் நாளில் மேலகரத்து வள்ளித்தாய் வெள்ளைச்சேலையில் வந்து நின்றாள். புருஷன் இறந்து நாலு மாதம். விளம்பரத்துக்காக வாசல் கொக்கியில் தொங்கிய சிவப்புச்சேலையை ஒரே ஒரு பொழுதுக்கு இரவல் கேட்டாள். பர்மாச் சண்டைக்குப் போன மகன் இசக்கிப்பாண்டி வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறான். அப்பன் செத்ததை அவனுக்கு யாரும் எழுதவில்லை.

"பய எறங்குனதும் வெள்ளையப் பாத்தான்னா அங்கனயே ஒடிஞ்சிருவான், அண்ணாச்சி. வீட்டுக்குக் கூட்டிப்போயி, ஒரு வாய் சோறு தின்ன பொறவு நானே சொல்லுதேன். என் கலர்ச்சேலை அம்புட்டையும் இலத்தூர் நாத்தனா கொண்டுபோயிட்டா. இத மடிப்புக் கலையாமத் தந்திருதேன்."

அவருக்கும் மனசு இளகத்தான் செய்தது. கழற்றிக் கொடுத்தார்.

காலிக் கொக்கியைப் பார்த்துப் பஜாரே விசாரித்தது, வாசலில் நின்ற மகராசி எங்கே என்று. அவருக்கு வாய் சும்மா இருக்காது. "மேலகரத்து வள்ளித்தாயோட போயிட்டா வே. புருசன் போயி நாலு மாசம், அவளுக்குச் செவப்பு கேக்குது."

காரணத்தையும் சேர்த்தால் கதையில் சிரிப்பு இல்லை. கிழிசலை உள்பக்கம் மடித்து விற்பதுபோல அதை மடித்து வைத்துவிட்டார். அந்தக் கதைச்சரக்கு வெளியூர்வரை நன்றாகவே போனது.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் ஜவுளி பேல் கட்டு எடுக்கப் போனவர், சிவப்புச்சேலையில் நின்ற வள்ளித்தாயைக் கண்டார். வண்டி வந்தது. சங்கரன்கோவிலில் ஏறிய நூல் வியாபாரி ஒருவர் இறங்கி நேரே இவரிடம் வந்தார். பொழுது போகாமல், இவர் கிளப்பிவிட்ட சேலைக் கதையை எதிரே இருந்த காக்கி உடுப்புக்காரனிடம் ஊரும் பேருமாகச் சொன்னாராம். யாரோ வெளியூர்ப் போலீஸ்காரன்போல, சிரிக்கவே இல்லையாம்.

அந்தக் காக்கி உடுப்பு வள்ளித்தாய் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"எங்கய்யா செத்து நாலு மாசமாமே. இது யாருக்காக?"

"ஒனக்குத்தாம்லே."

அவன் சேலையையே பார்த்தான். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இலத்தூரில் அத்தை இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதே செங்கோட்டை வண்டியில் மறுபடி ஏறினான்.

நாலே எட்டு வைத்துப் போய், நான்தான் கொடுத்தேன், இதற்காகத்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சாயம் போன துணிக்கும் சமாதானம் சொல்லத் தெரிந்த பால்வண்ணநாதன் பார்சல் ரசீதையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி ஊதிவிட்டது.

மத்தியானம் வள்ளித்தாய் வெள்ளைச்சேலையில் கடைக்கு வந்தாள்.

"மடிப்புக் கலையல, பாத்துக்கிடுங்க." சேலையை நீட்டியபடியே நின்றாள். "எதுக்குக் கேட்டேங்கிறத மட்டும் சொல்லாம விட்டுட்டியளே, அண்ணாச்சி."

அவர் கைகள் சேலையை வாங்கின. பழக்கதோஷத்தில் ஓரம் தடவிச் சரிபார்த்தன. மடிப்புக் கலையவில்லை.