பத்து மணிக்கு வந்த நோயாளி

அக்கா பல் டாக்டர். தங்கைக்குக் கணினி வேலை. வாயைத் திறந்தபடி நோயாளி படுத்திருக்க, அக்கா ஓடி ஓடிப் போன் எடுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு கிளினிக்கில் வந்து உட்கார்ந்தாள் தங்கை. முன்பதிவுக்கு ஒரு வெப் ஆப். பெரிய வித்தை ஒன்றுமில்லை: நோயாளி நிரப்ப ஒரு பக்கம், நிரப்பியதைச் சேமிக்க க்ளவுடில் ஒரு டேட்டாபேஸ்.

"மேகத்துலயா போட்டு வைக்கிற? மழை பெஞ்சா என் நோயாளியெல்லாம் கொட்டிடப் போறாங்கடி," என்றாள் அக்கா, கருவிகளைத் துடைத்தபடி.

"நீ பல்லைப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்."

பக்கமும் டேட்டாபேஸும் ஒன்றோடொன்று பேச மறுத்தன. மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், அனுமதி கொடுக்கும் இடத்தில் ஒரு வரி விட்டுப்போனது தெரிந்தது. அதைச் சேர்த்தாள். சோதித்துப் பார்க்க, வாய்க்கு வந்த பெயர் ஒன்றைத் தட்டினாள். பெண், ஐம்பது வயது, இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி, செவ்வாய் காலை பத்து மணி. முகவரியையும் உறவினரையும் காலியாக விட்டாள். பொத்தானை அழுத்தியதும் க்ளவுடில் பதிவு முளைத்தது. துள்ளிக் குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டு, ஆப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.

செவ்வாயன்று, ஆப் சண்டித்தனம் செய்தால் சரிசெய்யலாமென்று முன்மேசையில் அவளே இருந்தாள். பத்து மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். கன்னத்தைக் கையால் தாங்கியிருந்தார். அவர் சொன்னது தங்கை தட்டிய அதே பெயர்.

தங்கை அவசரமாகப் பதிவுகளைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். அழித்த பதிவு அங்கே இருந்தது.

"எப்போலேருந்தும்மா வலி?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். முகம் வெறிச்சென்று ஆனது. "அதுக்கு முன்னாடி... தெரியலையேம்மா."

சொத்தையை அடைத்துவிட்டு அக்கா வெளியே வந்தாள். "ஐம்பது வயசுல இப்படி ஒரு வாயை நான் பாத்ததே இல்லடி," என்று கிசுகிசுத்தாள். "அந்த ஒரு பல்லைத் தவிர எதுலயும் தேய்மானமே இல்ல. பொறந்ததுலேருந்து எதையுமே மென்னு தின்னாத மாதிரி."

தங்கை நடந்ததைச் சொன்னாள். அக்காவின் முகம் வெளுத்தது.

"அழிச்சுத் தொலை அதை."

"ஒரு தடவை அழிச்சேன்க்கா. அப்போ இவங்க எங்க இருந்தாங்களோ."

பெண்மணி முன்மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"வீடு எங்கம்மா? கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள் தங்கை.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "யாராவது இருக்கணுமில்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது.

தங்கையால் அதைத் தாங்க முடியவில்லை. மேசைக்குப் போய்ப் பதிவைத் திறந்தாள். பின்தெருவில் 'வாடகைக்கு' அட்டை தொங்கும் மாடிவீடுதான் நினைவுக்கு வந்தது. அந்த முகவரியைப் போட்டாள். உறவினர்: மகள். சேமித்தாள்.

பெண்மணியின் பைக்குள் போன் அடித்தது.

"எவ்ளோ நேரம்மா! பயந்தே போயிட்டேன்," என்ற இளங்குரல் அக்கா, தங்கை இருவருக்கும் கேட்டது.

"தோ, கிளம்பிட்டேன்டி." அவர் சிரித்தபடி எழுந்தார்.

தங்கை சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனாள். மாடிவீட்டில் அட்டையைக் காணோம். ஜன்னலில் திரைச்சீலை ஆடியது. ஒரு பெண் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கன்னத்துக் குழியும், அச்சு அசலாகத் தங்கையுடையவை.

திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க."

பெஞ்சில் அடுத்த நோயாளி காத்திருந்தார். தங்கை திரையைப் பார்க்காமல் நேராக அவரிடம் போனாள்.

"சார், உங்க வீடு எங்க?"

அவர் கதவு எண்ணையும் தெருவையும் படபடவென்று ஒப்பித்தார். மனைவி ஊருக்குப் போயிருப்பதையும் கேட்காமலே சொன்னார். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.