சுவர் வெளியே மூச்சு விடும் நேரம்

மதியம் இரண்டரைக்குப் பேனா முள் மறுபடியும் இறங்கியிருந்தது. காற்றழுத்தமானியின் உருளைத் தாளில் காலை எட்டு மணிக்கு ஆயிரத்துப் பத்து மில்லிபார். இப்போது ஆயிரத்து இரண்டு. தினமும் மதியத்துக்கு மேல் கொஞ்சம் இறங்கும்தான். இது கொஞ்சம் இல்லை. வெளியே ஓர் இலை அசையவில்லை. அலுவலகக் கழிவறைச் சாக்கடை திடீரென்று நாறத் தொடங்கியிருந்தது. மேலே அழுத்தம் குறைந்தால், அடியில் அடைந்து கிடப்பதெல்லாம் வெளியே வரப் பார்க்கும்.

எங்கள் சுரங்கத்தின் கடைசி வளைவில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏழு வருடங்களாக அடைத்து வைத்த பழைய குழி. அங்கே கெட்டுப்போன காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். சுவர் விரிசலுக்கு மேலே ஒரு காகித நாடாவை, ஒரு முனையை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் நாடா விரிசலோடு ஒட்டிக் கிடந்தது. சுவர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, அதனால் அளவுக்கருவி நல்ல காற்று என்றது. சுரங்கத்தின் காற்றைச் சோதிப்பவள் என்ற முறையில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பிப் பதினோரு பேர் சுவருக்குப் பத்தடி தூரத்தில் தூண் நிறுத்தப் போனார்கள். அதில் ஒருவர் என் அப்பா.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "என் பொண்ணு கையெழுத்து இல்லாம இந்தக் குழிக்குள்ள ஈ கூட நுழைய முடியாதுடா" என்று லிஃப்டில் இறங்கும்போதெல்லாம் அப்பா பீற்றிக்கொள்வார்.

மேனேஜர் அறைக்குப் போனேன். மதியமும் அளக்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு நான் எழுதிய கடிதம், அவருடைய டீ டம்ளருக்கு அடியில் வட்டம் வட்டமாகக் கறை பிடித்துக் கிடந்தது.

"சார், சுவர்கிட்ட இருக்கறவங்களை மேல கூப்பிடணும்."

"காலைல நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு, என் மாமியாரா?"

"அப்ப சுவர் உள்ள இழுத்துச்சு. இப்ப வெளிய தள்ளும்."

"சுவருக்கு மூச்சு வாங்குதுன்னு ஷிஃப்டை நிறுத்தச் சொல்றியா? அப்புறம் எனக்கு இங்க வேலை இருக்காது. போம்மா. நாளைக்குக் காலைல அளந்துக்கலாம்."

நாளைக் காலையில் அழுத்தம் ஏறினால் சுவர் மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும். அதுவும் பதிவேட்டில் ஏறும்.

என் மேசைக்கு வந்து கீழே ஃபோன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு அப்பா எடுத்தார். பின்னால் யாரோ, "காத்து டீச்சரா? மழை வருமான்னு கேளு!" என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் சிரித்தார்.

"அப்பா, எல்லாரையும் கூட்டிட்டு உடனே மேல வாப்பா."

"மேனேஜர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு பயந்தா, அப்பன் ஓடி வந்துட்டான்னு வருஷம் பூரா சொல்லிக் காட்டுவானுங்கம்மா. ரெண்டு தூண்தான் பாக்கி. அரை மணி நேரம்."

"சுவர்ல ஒட்டின காகிதம் எப்படி இருக்கு?"

"அதுவா..." திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "எங்க பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது. விரல் நீட்டின மாதிரி." நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். "இன்னிக்கு என்னவோ தூக்கமா வருதும்மா. மொட்டையப் பாரேன், தூணைப் புடிச்சுக்கிட்டே உக்காந்து தூங்கிட்டான்."

"அப்பா, ஓடுங்க! அவரையும் இழுத்துக்கிட்டு ஓடுங்க!"

பதில் வரவில்லை. ஃபோனும் வைக்கப்படவில்லை.

அபாயச் சங்கின் கைப்பிடி மேனேஜர் அறை வாசலில் இருந்தது. "தொட்டா உன் வேலையும் போச்சு, உங்கப்பன் வேலையும் போச்சு" என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

சங்கு அலறியது. திரும்பி ஓடி வந்து ரிசீவரைக் காதில் அழுத்தினேன். இருநூறு மீட்டர் ஆழத்தில் அதே சங்கு அலறுவது கேட்டது. அதற்கு அடியில் ஒரு காலடிச் சத்தம், ஒரே ஒரு காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே, உருளைத் தாளில் பேனா முள் இறங்கிக்கொண்டிருந்தது.