பச்சைத்தண்ணீர் படாத வாய்

வனிதாவின் மகள் பவிஷாவுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. அன்றிலிருந்து வனிதா ஒரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்: பிள்ளை வாயில் பச்சைத்தண்ணீர் படக் கூடாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் வந்து என்ன சொன்னாலும் அவளிடம் பலிக்காது. குன்னூருக்கு மேலே தை மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரை இளைப்புக்காரப் பிள்ளை வாயில் ஊற்ற எந்தத் தாய்க்கு மனசு வரும்?

வெந்நீர் வைக்கலாமே என்று கேட்பவர்கள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடிப் பார்த்தவர்கள் இல்லை. பெயர் கொடுக்கப் பிந்தினால் அன்றைய வேலை போச்சு. வைக்கிற ஒரு பானை வெந்நீர் பிள்ளையின் உடம்பைத் துடைக்கவே சரியாக இருக்கும். பல்லுக்கு ஈரத்துணிதான். ராத்திரி வாயில் இளைப்பு மருந்துப் பம்ப் அடித்ததும், மருந்து நெஞ்சுக்குள் சூடாக இறங்கட்டும் என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டு அரை டம்ளர் சாயத்தண்ணீர், பாலில்லாத டீ. குடித்த கையோடு போர்வைக்குள் போக வேண்டியதுதான்.

பம்ப் அடித்தபின் வாயைக் கொப்பளிக்கணும் என்று முன்பு ஒரு டாக்டர் சொல்லத்தான் செய்தார். கீழேயிருந்து வந்த மனுஷன், அவருக்கு நம் மலைக்குளிர் தெரியுமா என்று வனிதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் இளைப்பு விடவே இல்லை. ஒருநாள் காலை பிள்ளையின் விலா உள்ளே இழுக்க, ஃபேக்டரி ஜீப்பில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்து மூச்சு சீரான பிறகுதான் வனிதாவுக்கு உயிர் வந்தது.

டாக்டர் கோகிலவாணி நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். பவிஷா திறக்க மாட்டேன் என்று தலையாட்டினாள். கெஞ்சிக் கொஞ்சித் திறக்க வைத்துப் பார்த்தார். வனிதாவையும் வந்து பார்க்கச் சொன்னார்.

நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டுகள். கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழிந்திருந்தன. ஈறு வீங்கி, ஓரத்தில் சீழ். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பிள்ளை நெஞ்சில் காது வைத்துக் கேட்டவள், அந்த வாய்க்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. துணி முன்பல்லைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

என்னென்ன செய்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், கழுவாமல் தங்கின மருந்தால் இந்த வெள்ளை, சர்க்கரையால் இந்தச் சொத்தை என்று விளக்கினார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வாயும் நெஞ்சும் ஒரே பாதைங்க. இங்க இருக்கற கிருமி மூச்சோட கீழயும் போகும். ஆஸ்துமா இருக்கற கொழந்தைங்க வாயில இருக்கற கிருமியே வேற மாதிரி இருக்குதுன்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. எதனால எது வருதுன்னு இன்னும் முடிவாத் தெரியலைங்க. உங்களாலதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வாயை இப்படியே விட முடியாதுங்க."

சொல்ல மாட்டேன் என்ற அந்த வார்த்தைதான் வனிதாவை அறைந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண்ணுக்குள் வைத்து வளர்த்த பிள்ளைக்குத் தன் கையாலேயே இதைச் செய்துவிட்டோமே என்று பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

இவ்வளவு வலியை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று டாக்டர் பிள்ளையிடம் கேட்டார். பவிஷா தரையைப் பார்த்தாள்.

"பம்ப் அடிச்சா எரியும். சொன்னா அம்மா பம்பை நிறுத்திரும். அது இல்லாட்டி எனக்கு மூச்சு வராதுல்ல."

பக்கத்தில் படுத்துக்கொண்டே பிள்ளை இத்தனை நாள் வலியை விழுங்கியிருக்கிறாள், பெற்றவளுக்குத் தெரியவில்லை.

நர்ஸ் குழாயில் பிடித்த தண்ணீரை டம்ளரில் நீட்டினாள். வனிதா அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். எல்லாம் கேட்ட பிறகும் அந்தச் சில்லிப்புக்கு அவள் பயந்தாள். பிள்ளை டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"கொப்புளி கண்ணு," என்றாள் வனிதா. டம்ளரைப் பிள்ளையின் கையில் வைத்தாள்.

பவிஷா கொப்பளித்துத் துப்பினாள். ஈறு ரத்தம் கலந்து தண்ணீர் சிவப்பாக விழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக் காட்டினாள்.

"பாரும்மா, மூச்சு வருது. நீ பயப்படாதே."