கொள்கைக்காரர் வீட்டுக் கல்யாணம்

பகவதியப்பன் பிள்ளை திருவிதாங்கூர்ச் சட்டசபைக்கு நிற்கிறார் என்றதும் தோவாளைப் பக்கத்தில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. நிற்காமல் இருந்தால்தான் அதிசயம். ஊர் வயலில் பாதி அவர் குடும்பத்துக்கு. நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு என்று இருந்த காலம் அது. ஓட்டு இல்லாதவர்களும் அவர் வயலில் நாற்று நடுகிறவர்கள், ஆகையால் அவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

தேச விவகாரம் எதைக் கேட்டாலும் மனுஷனிடம் பதில் தயாராக இருக்கும். கல்யாண வயசுச் சட்டமா? "வெள்ளைக்காரன் சீமையிலே போட்டாச்சு. அது ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி இங்கே வரப்பிடாது." கோயிலை எல்லாருக்கும் திறந்து விடுவதா? "நான் கண்ணை மூடின பெறவு திறங்கோ." சொத்து பெற்ற பிள்ளைக்கா, சகோதரி பிள்ளைக்கா? "மருமக்கள் வழிதான் நம்ம வழி. பிள்ளை அப்பன் வீட்டிலே வளரும், ஆனா அதுக்க மேலே அதிகாரம் தாய்மாமனுக்குத்தான். புதுச் சட்டத்தைக் கிழிச்சு ஆத்திலே போடணும்." சர்க்கார் பணத்தில் பிரசவ ஆஸ்பத்திரி? "நம்ம பொம்பளையோ கண்டவன் முன்னாலே கட்டில்லே கெடந்து பெறணுமாவே? த்தூ!" சுயராஜ்யம்? "வரட்டுமே, யாரு வேண்டாம்னா? அடுக்களைக்குள்ளே வராம இருந்தாப் போரும்." கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவர் மனைவி வடிவாம்பாளும் உள்ளே இருந்து கேட்டுச் சிரித்தவள்தான். அதை மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது.

பேச்சோடு நின்றிருந்தால் தேவலை. வெள்ளைக்காரன் சீமையில் சின்னப் பெண்ணுக்குத் தாலி கட்டினால் கேஸ் என்று ஆனதும், பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்துத் தகப்பன்மார் வில்வண்டியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, கணவாய் தாண்டித் திருவிதாங்கூருக்குள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளை தன் வீட்டுக் கல்யாணப்புரையைத் திறந்து விட்டார். பந்தல் அவர் செலவு, அரிசி அவர் செலவு. வந்து இறங்குகிற பெண்ணுக்குத் தலையில் முதல் பூ வைத்து உள்ளே கூட்டிப் போவது வடிவாம்பாளின் வேலை. தோவாளைப் பிச்சிப்பூவைக் கை நிறைய எடுத்து, பல் விழுந்து முளைக்காத பெண்களுக்கெல்லாம் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அதுகள் அழுதால், தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்வாள்.

தன் மகள் தாணம்மைக்கு மட்டும் அவள் வேறு கணக்கு வைத்திருந்தாள். பதினோரு வயசு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மனக்கணக்கு போட்டால் டீச்சர் வாய் மூடுமுன் விடை வந்துவிடும். நெல்லளக்க வருகிறவன் ஒரு மரக்கால் விழுங்கினாலும், "மாமா, இன்னும் ஒண்ணு போடணும்" என்பாள். இவள் மெட்ரிக் படிக்கட்டும், பிறகு கல்யாணம் என்று வடிவாம்பாள் மனசுக்குள் முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

பிள்ளையை எதிர்த்து நின்றவர் நாகர்கோவில் வக்கீல் ஒருவர். பூதப்பாண்டிச் சந்தையில் அவர் கேட்டார்: "ஊரான் பிள்ளைக்கெல்லாம் தாலி கட்டி வைக்கிற மகான், சொந்த மகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகாரு? மத்தவனுக்குத்தான் கொள்கையா?"

சந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு பிள்ளை வீட்டு முற்றம் வரைக்கும் வந்து சேர அரை நாள் கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் தேர்தல் வேலைக்காரர்கள் முற்றத்தில் கூடியிருக்க, பிள்ளை மனைவியை நடைக்குக் கூப்பிட்டார். "எனக்க அக்கா மகன் இருக்கானே, அவனுக்குத் தாணம்மையைக் கட்டிரலாம். அவனும் நாகர்கோவில்லே படிச்சிட்டுத்தானே இருக்கான். சும்மா ஒரு தாலி. வயசு வந்து, அவன் படிப்பும் முடியட்டும், அது வரைக்கும் அவ இங்கேயே இருக்கட்டும். பள்ளிக்கூடம் போணும்னா போட்டும், ஆரு பாக்கப் போறா?"

பாவம், அந்த மட்டுக்கு அவருக்கும் மனசு இருந்தது. மகள் என்றால் உயிர். வடிவாம்பாளுக்குத்தான் அன்று அது புரியவில்லை. தாலி என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அழுதால் கேட்கமாட்டார் என்று தெரியும். அவர் பேச்சையே எடுத்து அவர்மேல் போட்டால்?

"அதைச் சொல்ல நீங்க ஆரு?" என்றாள், முற்றத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "நீங்கதானே மேடை மேடையாச் சொல்லுகியோ, பிள்ளைக்க மேலே அதிகாரம் தாய்மாமனுக்குத்தான்னு? தாணம்மை எங்க குடும்பத்துப் பிள்ளையாக்கும். எங்க அண்ணன் வந்து சொல்லட்டும். அவன் சொன்னா நான் மறுவார்த்தை பேசல்லே."

பிள்ளை மனைவியை உற்றுப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தபோது, அவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டேளாவே! இவளுக்கு ஓட்டு இருந்தா முதல் ஓட்டு எனக்குத்தான். வீட்டுப் பொம்பளைக்குத் தெரியுது, அந்த வக்கீலுக்குத் தெரியல்லியே! போய்க் கோலப்பனைக் கூட்டிட்டு வாங்கோ."

வடிவாம்பாள் தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். கோலப்பன் அவளுக்கு மூத்தவன், ஒரே அண்ணன். தாணம்மையைத் தோளில் வைத்துக்கொண்டு சுசீந்திரம் தேர் காட்டியவன். அவன் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற ஒரு சொல் வந்தால் போதும், பிள்ளை தன் கொள்கையாலேயே கட்டுப்பட்டுப் போவார். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று அவியலும் சக்கைப் பிரதமன் பாயசமும் வைத்தாள். அடுக்களையில் நிற்கும்போது பாட்டுக்கூடப் பாடினாள்.

சாயங்காலம் கோலப்பன் வந்தான், சாப்பிட்டான், வெற்றிலை போட்டான். முற்றத்தில் ஆட்கள் கூடின பிறகுதான் பேசினான்.

"அத்தானுக்க அக்கா மகனுக்கு வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்தது. எனக்க அண்ணன்!

"அது சின்னப்பய. நாளைக்குப் படிச்சு எப்படிப் போவானோ. பூதப்பாண்டி முத்துக்குமாரசாமி பிள்ளைக்குக் கொடுப்போம். அவரு பெஞ்சாதி போன பெறவு வீடு அடைச்சுக் கெடக்கு. அவரு தலையை ஆட்டினா அந்தப் பக்கத்து ஓட்டு ஒண்ணு தப்பாது. தாய்மாமன் நான் சொல்லியாச்சு."

முத்துக்குமாரசாமி பிள்ளைக்கு நாற்பது தாண்டியாச்சு. மூத்த தாரத்துக்கு மீசை முளைத்த பையன்கள் இருந்தார்கள். கோலப்பன் பாட்டக் குத்தகைக்கு உழுகிற வயல் முழுவதும் அவருடையது. இந்தக் கடைசி விஷயம் வடிவாம்பாளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தாய்மாமன் என்றால் அவன் மனசில் தங்கை மகள்தான் இருப்பாள், வயல் இருக்காது என்று அவள் நம்பிவிட்டாள். அந்த நாட்டில் பிறந்த பெண்பிள்ளை வேறு எதை நம்புவாள், சொல்லுங்கள்.

அவள் வெளியே ஓடி வந்தாள். "அண்ணா, நீ மனுசனா? கொழந்தை அண்ணா அது!"

"நீதானே விளிச்சே?" என்றான் கோலப்பன். அவள் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

புருஷன் காலில் விழுந்தாள். "நான் பேசினது தெற்று. நீங்கதான் அப்பன். உங்க அக்கா மகனுக்கே கொடுங்கோ. இப்பமே கட்டட்டும், நாளைக்கே கட்டட்டும்!"

பிள்ளையின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. முத்துக்குமாரசாமியை அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சுற்றிலும் நின்ற முகங்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் இவள் பேசின பேச்சு மத்தியானத்துக்குள் ஆரல்வாய்மொழிச் சாவடி வரைக்கும் போய்விட்டது. ஊருக்கு ஊர் அதைத்தான் சொல்லிச் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள்.

"இனி மாத்தினா சிரிப்பானுவோ பிள்ளே," என்றார் காலில் கிடந்தவளிடம், மெதுவாக. "எந்திரி. ஆளுவோ பாக்கானுவோ."

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வருகிற பெண்களுக்கெல்லாம் பூ வைத்த அதே கல்யாணப்புரைதான். தாலி ஏறின கையோடு பிள்ளை பெஞ்சின்மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். "வக்கீல் கேட்டாரே, இதுதான் எனக்க பதில்!" கைதட்டலில் பந்தல் ஆடியது. தாணம்மை மாலைக் கனத்தில் குனிந்தே இருந்தாள். இடையில் ஒரு தடவை நிமிர்ந்து, "எம்மா, பரீச்சைக்கு விடுவாவளா?" என்று கேட்டாள். வடிவாம்பாள் அவள் தலையில் நழுவின பூவைச் சரி செய்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

பிள்ளை ஜெயித்தார். பூதப்பாண்டி ஓட்டு ஒன்றுகூடத் தப்பவில்லை.

அடுத்த வருஷம் தாணம்மை பெரியவளானாள். ஆன கையோடு வண்டி வந்து கூட்டிப் போனது. அதற்கு மறுவருஷம் தலைப்பிரசவத்துக்கு அம்மை வீட்டுக்கு வந்தாள். கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால். புருஷன் வீட்டில் எத்தனை மரக்கால் நெல் குத்துகிறார்கள், மூத்தாள் மகன்கள் எப்படித் திட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். ராத்திரி நடக்கிறதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். வடிவாம்பாள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டு என்னத்தைச் செய்ய?

வலி எடுத்தது. எடுத்த வலி நிற்கவும் இல்லை, பிள்ளை வரவும் இல்லை. மறுநாள் காலையில் மருத்துவச்சி கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். "எனக்க கைக்கு மீறிப் போச்சு. இடுப்பெலும்பு விரியல்லே, பச்சைப்பிள்ளை உடம்பு. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, இப்பம் போனா ரெண்டும் பொழைக்கும்."

முற்றத்திலேயே மோட்டார் நின்றது. தேர்தலுக்கு வாங்கினது. டிரைவர் சாவியோடு பக்கத்திலேயே நின்றான். வடிவாம்பாள் மகளைப் பாயோடு தூக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

பிள்ளை வாசலில் நின்றார், குறுக்கே.

"கொஞ்சம் பொறு. அடுத்த வாரம் சபை கூடுகு. பிரசவ ஆஸ்பத்திரிப் பேச்சு வருகு, கல்யாண வயசு மசோதாவும் வருகு. எனக்க மகளே ஆஸ்பத்திரியிலே கெடந்தான்னா நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு எந்திரிச்சுப் பேச? நல்ல மருத்துவச்சியை ஆளனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லுகேன். பகவதி கைவிடமாட்டா."

"பாவி, நீ நாசமாப் போவே! எம்பிள்ளை சாகுதுவே!" கட்டின நாளிலிருந்து புருஷனை அவள் ஒருமையில் பேசினதில்லை. அன்று பேசினாள், நெஞ்சில் அடித்தாள், டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி தலையை அசைக்கவில்லை.

வேறு மருத்துவச்சி வந்தபோது வேலை மிச்சம் இல்லை. பிள்ளை வயிற்றிலேயே இருந்தது. தாணம்மை அம்மை கையைப் பிடித்தபடியே போனாள்.

பகவதியப்பன் பிள்ளை அழவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வெளியூருக்கு ஆள் அனுப்ப வேண்டாம், சத்தமில்லாமல் காரியத்தை முடியுங்கள் என்றார். அப்படியே முடிந்தது; பூதப்பாண்டியிலிருந்து மாப்பிள்ளை மட்டும் ராத்திரி வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் திருவனந்தபுரம் போனார்.

சபையில் பேசினது பத்திரிகையில் வந்தது. கோலப்பன்தான் கொண்டு வந்து பெருமையாக வாசித்தான். 'பதினோரு வயதில் என் மகளைக் கட்டிக் கொடுத்தேன். இன்று அவள் நிறைந்த வீட்டில் சுகமாக வாழ்கிறாள். இந்தச் சட்டம் எங்களுக்கு எதற்கு?' மசோதா ஒத்தி வைக்கப்பட்டதாம்.

வடிவாம்பாள் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. போடுகிறதைச் சாப்பிட்டாள், போடாவிட்டால் கேட்கவில்லை.

பிள்ளை திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே வள்ளியூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கியது. பெண்ணுக்கு ஒன்பது வயசு இருக்கும். தகப்பன் பத்திரிகை வாசிக்கிறவன். பெண்ணைக் கையைப் பிடித்து நேரே வடிவாம்பாள் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினான். "அம்மா, எங்க பிள்ளை உங்க மகளைப் போலே வாழணும்னு உங்க கையாலே பூ வையுங்க."

அவள் பூவை வாங்கவில்லை. சின்னப்பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பிள்ளை செத்துப் போயிட்டா," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "பிள்ளை பெற முடியாமச் செத்தா. இந்த வீட்டிலே, இந்த அறையிலே. இவரு ஆஸ்பத்திரிக்கு விடல்லே. உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருங்கோ ஐயா. உங்களைக் கும்பிடுகேன், கூட்டிட்டுப் போயிருங்கோ!"

மேளக்காரன் கையை எடுத்துவிட்டான். வந்த மனுஷன் திகைத்துப் போய்ப் பிள்ளையைப் பார்த்தான்.

பிள்ளை கிட்டே வந்தார். மனைவியின் தோளில் மெதுவாகக் கை வைத்தார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பா, நிஜமா என்று அவருக்கே தெரியாது. "தப்பா நினைக்காதேயும். மகளைப் பிரிஞ்ச ஏக்கம். கொஞ்ச நாளா இவளுக்கு மூளை சரியில்லை. கோலப்பா, உள்ளே கூட்டிட்டுப் போ."

கோலப்பன் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவள் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். பாடையைத் தூக்கினவர்கள் நின்றார்கள், குளிப்பாட்டினவள் நின்றாள், அந்த மருத்துவச்சியும் நின்றாள். "சொல்லுங்களேன்! ஒருத்தராவது சொல்லுங்களேன்!" எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அறைக்குள் தள்ளிக் கோலப்பன் வெளியே தாழ் போட்டான். அவள் கதவில் காதை வைத்து நின்றாள். வெளியே அந்தத் தகப்பன் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இவங்க மகளைக் கட்டின மாப்பிள்ளை வந்திருக்காரா?" என்று கேட்டான்.

வந்திருந்தார். பந்தலில் முதல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் முத்துக்குமாரசாமி பிள்ளை. "நான்தான்வே, என்ன?" என்றார்.

"உங்க வீட்டிலே... எப்படி இருக்காங்க?"

வடிவாம்பாள் கதவோடு காதை இன்னும் அழுத்தினாள். பிறகு எச்சில் துப்புகிற சத்தம் கேட்டது.

"சுகமா இருக்கா," என்றார் அவர். "முகூர்த்தம் தப்புது, மேளத்தை அடிக்கச் சொல்லும்."

மேளம் முழங்கியது.