முழுப் பேர்

ஜெயம்மாவை வாழ்நாளில் யாரும் "மேடம்" என்று அழைத்ததில்லை. ஒரு மாதமாக ஒருவன் அழைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ஐந்து தடவை, அதுவும் அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நேரமாகப் பார்த்து. அவளுக்குக் கிரெடிட் கார்ட் ஒன்று விழுந்திருக்கிறதாம், விவரம் சொன்னால் போதுமாம்.

எடுக்காமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் கிருஷாந்தும் கைக்குக் கிடைத்த போனிலிருந்துதான் பேசுவான்.

பதினெட்டு கிலோ பறித்தால்தான் தோட்டத்தில் ஒருநாள் சம்பளம், அதாவது முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அந்த மாதம் ஜெயம்மாவுக்கு நான்கு அரைப் பேர் விழுந்துவிட்டது. அன்று காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் கணக்கப்பிள்ளை பழனியாண்டி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்:

"இன்னைக்கும் போனோட நின்னா அரைப் பேர்தான், ஜெயம்மா. ஏமாத்துக்காரன்கிட்ட புத்தியுள்ளவன் எவனாவது பேசுவானா?"

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஒங்க ஆளு வந்துட்டாரு, மேடம்," என்றாள் அடுத்த நிரையிலிருந்த பிரேமலதா. "ஸ்பீக்கர்ல போடுங்கக்கா, நாங்களும் கேக்குறோம்."

"மேடம், உங்க முழுப் பேரைச் சொல்லுங்க," என்றது குரல்.

ஜெயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முழுப் பேரா? ஒன்னாலதான்டா முழுப் பேரே இல்லாமப் போச்சு! இந்த மாசம் நாலு அரைப் பேர்!"

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது. "அரைப் பேர் செல்லாது மேடம். முழுப் பேர் கட்டாயம் வேணும்."

"அதத்தானே நானும் கேக்குறேன்! அவரு குடுக்க மாட்டேங்கிறாரே!"

"யாரு மேடம்?"

"கணக்கப்பிள்ளை."

குரலில் தேன் வடிந்தது. "ஓ, உங்க கணக்கெல்லாம் பார்க்கிறவரா? அவர்கிட்டயே போனைக் கொடுங்களேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பழனியாண்டி ஏற்கெனவே மேலேறி வந்துகொண்டிருந்தார். ஜெயம்மா போனை நீட்டினாள்.

"ஐயா, ஒங்களத்தான் கேக்குறாங்க."

"ஹலோ!" என்றார் விறைப்பாக.

"வணக்கம் சேர், கார்ட் பிரிவிலிருந்து நவீன் பேசுறேன்..."

"அடே ஹொரா, திருட்டுப் பயலே!" பழனியாண்டியின் தொப்பி நழுவியது. "போன மாசம் எங்கிட்ட நம்பர வாங்கி இருபதாயிரத்தச் சுருட்டுன நவீனாடா நீ? கார்டும் வரல, இனாமா தர்றேன்னு சொன்ன குக்கரும் வரல!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஸ்பீக்கர் போட்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மலை முழுக்கப் பறிக்கிற கைகள் நின்றிருந்தன.

"எந்தக் குக்கருங்க ஐயா?" என்று பிரேமலதா பவ்வியமாகக் கேட்டாள்.

"வேலையப் பாருங்க!" என்று கத்திவிட்டு அவர் இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஜெயம்மாவின் சாக்கு பதினாறரை காட்டியது. அவள் போனை இடுப்பிலிருந்து எடுத்து மறுபடி செருகிக்கொண்டாள். வரிசையில் யாரோ இருமினார்கள். பழனியாண்டி தராசை இரண்டு தட்டுத் தட்டினார்.

"காலையிலருந்தே இது சரியில்ல," என்று முணுமுணுத்து, முழுப் பேர் போட்டார்.

"அப்ப எங்களுக்கும் சரியில்லதானேங்க ஐயா?" என்றபடி தன் சாக்கைத் தராசில் இறக்கினாள் பிரேமலதா.